ரீவொர்க் ரூமுக்கு இருபத்து நான்கு பேர்

ஓசூர் சிப்காட்டுக்குப் பின்பக்கம், லாரிகள் திரும்பும் மண்ரோட்டில், இரண்டு தகரக் கூரைத் தொழிற்சாலைகளுக்கு நடுவே ஸ்ரீ பாலமுருகன் ப்ரிசிஷன் மழலையர் மற்றும் தொடக்கப் பள்ளி இருக்கிறது. பெயரைப் பார்த்துவிட்டு நட்டு, போல்ட்டு விலை கேட்டு உள்ளே வந்தவர்கள் உண்டு. அவர்களைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? தாளாளர் வெள்ளைச்சாமி இருபத்தாறு வருடம் ஒரு பேரிங் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டு மேலாளராக இருந்தவர். ஓய்வு பெற்ற மறுமாதமே பள்ளியைத் தொடங்கிவிட்டார். மனுஷனுக்கு எதையாவது சோதித்துத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். பேரிங் கிடைக்காவிட்டால் பிள்ளைகள்.

அந்தப் பள்ளியின் யூ.கே.ஜி. டீச்சர் மாதேஸ்வரி. கல்லாவி ஊர்க்காரி. கணவன் மணிவேல் ரெண்டு தெரு தள்ளி ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலை பார்க்கிறான். மகள் யுவஸ்ரீ இதே பள்ளியில் இரண்டாம் வகுப்பு, 'ஊழியர் பிள்ளை' என்ற சலுகையில். நான்கு வருடமாக மாதேஸ்வரி ஒரு காரியம் செய்துவந்தாள். மதியச் சாப்பாடு முடிந்ததும் மதிலோரம் கொட்டிக்கிடந்த மணலில் பிள்ளைகளை விட்டுவிட்டு, ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அதற்கென்று ஒரு பெயர் இருக்கிறது என்பதே அவளுக்குத் தெரியாது.

இந்த ஜூன் மாதம்தான் தாளாளருக்கு அந்தப் பெயர் தெரியவந்தது. பெங்களூரில் ஏதோ கருத்தரங்கு. போய்விட்டு வந்தவர், மறுநாள் காலை மீட்டிங்கில் டீச்சர்களை வரிசையாக நிற்கவைத்துப் பேசினார்.

"விளையாட்டுவழிக் கற்றல்! குழந்தை விளையாட்டின் மூலமாகத்தான் எல்லாவற்றையும் கற்றுக்கொள்கிறது என்று விஞ்ஞானம் நிரூபித்துவிட்டது. விளையாட்டு அவ்வளவு முக்கியமான விஷயம். ஆகவே இனிமேல் நம் பள்ளியில் அதைக் குழந்தைகளின் இஷ்டத்துக்கு விட்டுவைக்க முடியாது."

டீச்சர்கள் கைதட்டினார்கள். மாதேஸ்வரியும் தட்டினாள், பாதியில் கை நின்றுவிட்டது. அன்று மத்தியானமே மணல் போய்விட்டது. 'அளவிட முடியாத பொருள்' என்று பதிவேட்டில் எழுதி, டிராக்டரில் அள்ளிக்கொண்டு போனார்கள்.

ஒரே வாரத்தில் வகுப்பறை கம்பெனி ஆனது. தரையில் மஞ்சள் கோடு போட்டார்கள். சுவரில் ஒரு பலகை வந்தது. அதில் ஒவ்வொரு பொம்மைக்கும் அதன் வடிவிலேயே கறுப்பு நிழல் வரைந்திருந்தது. யானையை எடுத்தால் யானை நிழலில்தான் திருப்பி மாட்ட வேண்டும். கட்டைக் கோபுரம் ஏழு அடுக்கு, நான்கு நிமிடம். பொம்மைச் சமையல், தோசை மட்டும். பத்து இருபதிலிருந்து பத்து முப்பத்திரண்டு வரை கற்பனை. மகிழ்ச்சி வெளியே தெரிய வேண்டும். தெரிகிறது என்பதற்கு அத்தாட்சி, குறைந்தது நான்கு முன்பற்கள். முன்பல் விழுந்த ஹரிணிக்கு மூன்றுதான் தெரிந்தது. அவளுக்கு 'விலகல் அனுமதி' என்ற படிவம் போட்டு, தாளாளரே கையெழுத்திட்டு, அதை அவள் கழுத்தில் அடையாள அட்டையோடு மாட்டிவிட்டார்கள். பல் முளைக்கும் வரை செல்லுபடியாகும்.

விதிப்படி விளையாடாத பிள்ளைக்குச் சிவப்புச் சீட்டு. சீட்டு வாங்கிய பிள்ளை ரீவொர்க் ரூமுக்குப் போக வேண்டும். ரீவொர்க் என்றால் அந்தப் பக்கத்துச் சனங்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பழுதான சரக்கை ஒதுக்கிவைத்து மறுபடி சரிசெய்வது. அது வகுப்பறைக்குப் பின்னாலிருந்த பழைய குடோன். தாளாளரின் மைத்துனர் கம்பெனியிலிருந்து வந்த பெரிய பெரிய அட்டைப்பெட்டிகள், தெர்மாகோல், பிளாஸ்டிக் மூடிகள் எல்லாம் பழைய சாமான் வண்டிக்காகக் குவிந்துகிடந்தன. தப்பு செய்த பிள்ளை அங்கே இருபது நிமிடம் உட்கார்ந்து தன் தப்பை நினைத்து வருந்த வேண்டும். காவலுக்கு ஆயா லட்சுமியம்மாள்.

லட்சுமியம்மாள் வேப்பனப்பள்ளி பக்கத்து மனுஷி. பேச்சில் பாதி தெலுங்கு. காலை ஐந்து மணிக்கு எழுந்து ரெண்டு பஸ் மாறி வருகிறவள். பத்தரை மணிக்கு ஸ்டூலில் உட்கார்ந்தால் பத்து முப்பத்தொன்றுக்குத் தலை சாய்ந்துவிடும். பிள்ளைகள் எதை நினைத்து வருந்தினார்கள் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

முதல் நாள் ரெண்டு பேர் சீட்டு வாங்கினார்கள். மறுநாள் ஐந்து. வெள்ளிக்கிழமை பதினொன்று. வாசலில் ஒரு கரும்பலகை. 'இன்றைய ரிஜெக்ஷன்' என்று எண் போட்டு மாட்டுவார்கள். திங்களன்று அதில் பதினேழு ஏறியதை மாதேஸ்வரி ரெண்டு தடவை படித்தாள். இருப்பதே இருபத்து நான்கு பிள்ளைகள். இவர்களுக்கு என்ன கேடு வந்தது? நேற்றுவரை ஒழுங்காக யானையை மாட்டிக்கொண்டிருந்தவர்கள், இன்று அவள் கண்முன்னாலேயே யானையை எடுத்து ஒட்டகத்தின் நிழலில் மாட்டிவிட்டு, சீட்டுக்குக் கை நீட்டுகிறார்கள்.

அன்று லட்சுமியம்மாளுக்குக் காபி கொண்டுபோகிற சாக்கில் குடோன் கதவைத் தள்ளிப் பார்த்தாள். பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

பெட்டிகள் எல்லாம் வரிசையாக நின்றன. முதல் பெட்டியில் ஆனந்த் உட்கார்ந்து இல்லாத ஸ்டீயரிங்கைச் சுற்றிக்கொண்டிருந்தான். ஹரிணி, கழுத்தில் விலகல் அனுமதி ஆட, கண்டக்டர். "சில்க் போர்டு, மெஜஸ்டிக், பன்னி பன்னி! ஏறுக்கா, சீக்கிரம் ஏறு!" பெங்களூர் பஸ் அல்லவா, 'பன்னி' என்றால் கன்னடத்தில் வாங்க. தெர்மாகோலைக் கிள்ளி டிக்கெட். மூடிகள்தான் சில்லறை. பின்னால் ஒரு பிள்ளை தெலுங்கில் தக்காளி விற்றது. ரெண்டு பேர் ஜன்னல் சீட்டுக்கு அடித்துக்கொண்டு, பிறகு அவர்களே அத்திப்பள்ளி வரை நீ, அப்புறம் நான் என்று பேசி முடித்துக்கொண்டார்கள். வகுப்பில் பத்துக்கு மேல் எண்ண மறுக்கிற ஆனந்த், முப்பத்தேழு மூடியைத் தப்பில்லாமல் எண்ணி வாங்கினான். அடேயப்பா, அந்தச் சத்தம்! லட்சுமியம்மாள் அதற்கு நடுவே நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

மாதேஸ்வரிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. மணல் போய் ரெண்டு வாரம் ஆகிறது. தன் பிள்ளைகளை அவள் இன்றுதான் பார்க்கிறாள்.

சந்தோஷம் செவ்வாய்க்கிழமை வரைதான். பலகையில் பத்தொன்பது ஏறியதும் தாளாளரே வகுப்புக்கு வந்துவிட்டார். கம்பெனியில் ஒரு முறை உண்டு. பழுது வந்தால் ஐந்து தடவை 'ஏன்' கேட்டால் மூல காரணம் பிடிபடும். அவர் குனிந்து ஆனந்த் எதிரே உட்கார்ந்தார், கையில் படிவம்.

"ஏன் தோசையத் தலையில வெச்ச?"

"தொப்பி சார்."

"ஏன் தொப்பி?"

"நான் போலீசு."

"ஏன் போலீசு ஆன?"

"திருடன் வந்துட்டான்ல."

"ஏன் வந்தான்?"

ஆனந்த் அவரை இரக்கத்தோடு பார்த்தான். "போலீசு இருந்தா வருவான் சார்."

ஐந்தாவது ஏன் மிச்சமிருந்தது. "சரி, இதெல்லாம் ஏன் பண்ணுன?"

"ரீவொர்க் ரூமுக்குப் போவணும் சார்."

போச்சு என்று நினைத்தாள் மாதேஸ்வரி. தாளாளரோ எழுந்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பாத்தீங்களா டீச்சர்? தன்னைத் திருத்திக்கணும்ங்கற ஆசை! அஞ்சு வயசுல! இருபத்தாறு வருஷத்துல ஒரு பேரிங்காவது இப்படிக் கேட்டிருக்கா?"

படிவத்தில் அப்படியே எழுதிக்கொண்டார். ஆனால் கண்ணாடியை மாட்டியதும் முகம் மாறிவிட்டது. அலுவலகத்துக்கு வரச்சொன்னார்.

மேஜை டிராயரைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்து அவள் பக்கம் திருப்பினார். மாதேஸ்வரியைப் பணியிலிருந்து விடுவிக்கும் கடிதம். கையெழுத்து, முத்திரை எல்லாம் இருந்தன. தேதி மட்டும் இல்லை.

"அகில இந்திய விளையாட்டுவழிக் கற்றல் தரநிர்ணயப் பேரவையிலருந்து வியாழக்கிழமை ஆடிட் வர்றாங்கம்மா. அன்னிக்குப் பலகையில ஜீரோ இருக்கணும். ஒரு சீட்டு விழுந்தாலும் நான் தேதியப் போட்டுருவேன். உங்க மக யுவஸ்ரீ ஊழியர் பிள்ளைங்கற எடத்துலதான படிக்கா? ஊழியர் இல்லன்னா பிள்ளையும் இல்லல்ல?" கோபமே இல்லாமல் சொன்னார்.

"சார், சின்னப் பசங்க சார்..."

"அதுக்கும் ஒரு வழி இருக்கு." அவர் இருந்த கம்பெனியில் ஆடிட் அன்று பழுதான சரக்கை லாரியில் ஏற்றி, கிருஷ்ணகிரி டோல்கேட் வரை அனுப்பி, ஆடிட்டர் கிளம்பியதும் திரும்ப வரவழைப்பார்களாம். "அடிக்கடி சீட்டு வாங்குற பதினோரு பேர ஸ்கூல் வேன்ல ஏத்தி விட்ருவோம். மத்தியானம் வரைக்கும் சுத்திட்டு வரட்டும். கல்விச் சுற்றுலான்னு எழுதிக்கலாம்."

அந்தப் பதினோரு பேரில் ஹரிணியும் ஆனந்தும் இருந்தார்கள். டோல்கேட் வெயிலில், வேனுக்குள், தண்ணிக்குக்கூட ஆள் இல்லாமல். மாதேஸ்வரிக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ தெரியாது. "வேணாங்க சார். இருபத்து நாலு பேரும் கிளாசுலதான் இருப்பாங்க. ஒரு சீட்டும் விழாது."

"எழுதிக் குடுப்பீங்களா?"

எழுதிக் கொடுத்தாள். மூன்று பிரதி.

வீட்டில் சொன்னபோது மணிவேல் சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை. "ஏன்டி, கையெழுத்தா போட்டுட்டு வந்த? எங்க லைன்ல சூப்பர்வைசரே போட மாட்டான்." யுவஸ்ரீ பக்கத்தில் ஹோம்வொர்க் எழுதிக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை மாதேஸ்வரி ரீவொர்க் ரூமுக்குப் போய்த் தரையில் உட்கார்ந்தாள். பஸ் நின்றது.

"பசங்களா, நாளைக்கு ஒரு மேடம் வருவாங்கோ. பத்துலருந்து பத்து நாப்பது வரைக்கும் நம்ம கிளாசுல ஆரும் சீட்டு வாங்கக் கூடாது. யானைய யானை எடத்துல மாட்டணும். பல்லக் காட்டணும். மிஸ்ஸுக்காக. பண்ணுவீங்களா?"

"அப்பறம்?" என்றாள் ஹரிணி.

"பெல் அடிச்சதும் எல்லாரையும் இங்க வுட்டுடறேன். சீட்டே இல்லாம."

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆனந்த் ஆலோசித்து, "ப்ராமிஸ்ஸா?" என்று கேட்டான். அவள் அவன் கையில் அடித்துச் சத்தியம் செய்தாள். முட்டாள்தனம்தான். தன் வேலையையும் மகளின் படிப்பையும் அவள் இருபத்து நான்கு ஐந்து வயதுக்காரர்களிடம் ஒப்படைத்துவிட்டாள்.

வியாழக்கிழமை. அத்திப்பள்ளி டோலில் நெரிசல் என்று கார் அரைமணி தாமதம். ஆனாலும் பத்தடிக்க ஒரு நிமிடம் இருக்கையில் வந்து சேர்ந்தார் ஆடிட்டர் சுஜாதா மேடம். கைத்தறிப் புடவை, கையில் டேப்லெட், அதில் நூற்று நாற்பத்திரண்டு கேள்விகள். கூடவே வெள்ளைச்சாமி. சட்டைப் பையில் நான்காக மடித்த காகிதம் துருத்திக்கொண்டிருந்தது. அது எது என்று மாதேஸ்வரிக்குத் தெரியும். பேனாவும் அதே பையில்தான் இருந்தது.

"தொடங்கலாம்," என்றார் மேடம். "குழந்தைகள் தன்னிச்சையாக விளையாடட்டும்."

தாளாளர் விசில் ஊதினார்.

இருபத்து நான்கு பேரும் தன்னிச்சையாக எழுந்து, மஞ்சள் கோட்டின் மேலேயே நடந்து, பொம்மைகளை எடுத்தார்கள். பேச்சில்லை. கட்டைகள் ஏறின: ஒன்று, இரண்டு, ஏழு. எட்டாவதை யாரும் வைக்கவில்லை. தோசைகள் சுடப்பட்டன. பத்து இருபதுக்குக் கற்பனை ஆரம்பித்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் கூரையைப் பார்த்தார்கள். இருபத்து மூன்று வாய்களில் நான்கு பல், ஒரு வாயில் மூன்று பல், அனுமதியோடு.

ஆனந்தின் கையில் தோசை இருந்தது. அது மெல்ல மேலே போனது. காது வரை போனது. தாளாளரின் கை சட்டைப் பைக்குப் போனது. ஆனந்த் மாதேஸ்வரியைப் பார்த்தான். தோசை நின்றது, இறங்கியது, தட்டில் உட்கார்ந்தது. அவன் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது, ஆனால் நான்கு பல்லும் தெரிந்தன. அதைப் பார்த்த மாதேஸ்வரி, சீ, என்ன பிழைப்பு இது என்று தன்னையே வெறுத்துக்கொண்டாள்.

பத்து முப்பத்தெட்டு. மேடம் நூற்று நாற்பத்தோராவது கேள்வியை முடித்தார். கடைசிக் கேள்வி குழந்தையிடம் கேட்க வேண்டியது. குனிந்து ஹரிணியின் கன்னத்தைத் தட்டினார்.

"உனக்கு விளையாடப் பிடிக்குமா, செல்லம்?"

"புடிக்கும் மேடம்."

"இப்போ விளையாடறது பிடிச்சிருக்கா?"

ஹரிணிக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. "இது வெளாட்டு இல்ல மேடம். இது முடிஞ்சாத்தான் வெளாட வுடுவாங்கோ."

"எங்கே?"

ஹரிணி பின்கதவைக் காட்டினாள். அந்த நேரம் பார்த்தா பெல் அடிக்க வேண்டும்? அடித்தது. பிள்ளைகள் மாதேஸ்வரியைப் பார்த்தார்கள், இருபத்து நான்கு ஜோடிக் கண்கள். சத்தியம் சத்தியம்தான். அவள் தலையசைத்தாள். யானைகள் கீழே விழுந்தன, கோபுரங்கள் சரிந்தன, மஞ்சள் கோட்டைக் குறுக்கும் நெடுக்கும் மிதித்துக்கொண்டு மொத்த வகுப்பும் குடோனுக்குள் பாய்ந்தது.

"மேடம், அது ஸ்கிராப் வைக்கிற எடம்..." தாளாளரின் குரல் யாருக்கும் கேட்கவில்லை. "மெஜஸ்டிக், மெஜஸ்டிக்! ரைட்!"

"அய்யோ தேவுடா!" என்று லட்சுமியம்மாள் ஸ்டூலிலிருந்து எழுந்தாள். சுஜாதா மேடம் வாசலில் நின்றார். டேப்லெட் கையில் தொங்கியது. ஹரிணி அவரிடம் வந்து தெர்மாகோலைக் கிள்ளினாள். "எங்க போவணும்?"

"பெங்களூர்," என்றார் மேடம், தன்னை அறியாமல்.

"சீட்டு இல்ல. நின்னுக்கினே வரணும். பரவால்லியா?"

மேடம் பெட்டிகளுக்கு நடுவே போய் நின்றார். ஆனந்த் வளைவில் திருப்பினான். எல்லோரும் இடப்பக்கம் சாய்ந்தார்கள், மேடமும் சாய்ந்தார். மாதேஸ்வரி அதைத் தன் கண்ணால் பார்த்தாள். அந்த அம்மாள் சிரித்தார். எத்தனை பல் என்று யாரும் எண்ணவில்லை. ஐயோ, பிழைத்தோம் என்று மாதேஸ்வரி சுவரில் சாய்ந்துகொண்டாள்.

இறங்கியதும் மேடம் புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டு தாளாளரிடம் திரும்பினார்.

"அற்புதம்! எண்ணறிவு, மும்மொழித் திறன், சமூக உடன்பாடு, எல்லாம் ஒரே இடத்தில். இருபது வருடமாக நாங்கள் தேடிக்கொண்டிருப்பது இதுதான். இதை இப்படியே விட்டுவைக்கக் கூடாது, மிஸ்டர் வெள்ளைச்சாமி. உடனே தரப்படுத்த வேண்டும்."

தாளாளர் முகம் மலர்ந்தது. "ஒரு வாரத்துல மேடம்!"

பள்ளிக்கு ஐந்து நட்சத்திரம் கிடைத்தது. மாதேஸ்வரி 'பெட்டிப் பேருந்து விளையாட்டு ஒருங்கிணைப்பாளர்' ஆனாள். நியமன உத்தரவைத் தாளாளரே கையில் கொடுத்தார். காகிதத்தை வீணாக்கக் கூடாது என்பது கம்பெனிப் பழக்கம். உத்தரவு அந்தப் பழைய விடுவிப்புக் கடிதத்தின் பின்பக்கத்தில் அச்சாகியிருந்தது.

அடுத்த வியாழக்கிழமை ரீவொர்க் ரூம் திறக்கப்பட்டது. ரிப்பன் வெட்டினார்கள். தரையில் மஞ்சள் கோடு. பெட்டிகளுக்கு எண், ஒவ்வொரு பெட்டிக்கும் கீழே அதன் நிழல். டிரைவர், கண்டக்டர் முறைப்பட்டியல். 'ரைட்' ஒரு பயணத்துக்கு மூன்று முறை. தக்காளி விற்பது தெலுங்கில் நான்கு நிமிடம், கன்னடத்தில் நான்கு நிமிடம். டிக்கெட் மூன்று பிரதி. லட்சுமியம்மாளின் ஸ்டூலை எடுத்துவிட்டார்கள். "விளையாட்டை மீட்டெடுத்திருக்கிறோம்," என்று தாளாளர் பேசிவிட்டு விசில் ஊதி, மற்ற வகுப்புகளைப் பார்க்கப் போனார்.

பிள்ளைகள் பெட்டிகளுக்கு முன்னால் நின்றார்கள். யாரும் ஏறவில்லை. முறைப்பட்டியல்படி அன்று கண்டக்டர் வேறு ஒரு பிள்ளை; அது வாயைத் திறக்காமல் விரலைச் சப்பிக்கொண்டிருந்தது. ஆனந்த் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான், யாரும் சொல்லாமலே.

ஹரிணி மாதேஸ்வரியின் முந்தானையை இழுத்தாள்.

"மிஸ், இங்க தப்பா வெளாண்டா எங்க அனுப்புவீங்கோ?"

மாதேஸ்வரி கையிலிருந்த நியமன உத்தரவைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் தேதிக்கான இடம் இன்னும் காலியாகத்தான் இருந்தது. திறந்த கதவு வழியாக மாடிப்படி தெரிந்தது. அதற்குக் கீழே லட்சுமியம்மாள் துடைப்பமும் சாக்கும் வைக்கிற பொந்து. அங்கே மட்டும் இன்னும் யாரும் மஞ்சள் கோடு போடவில்லை. மாடியில் ரெண்டாம் வகுப்பு வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தது. அதில் யுவஸ்ரீயின் குரலும் இருக்கும்.

அவள் காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். சிவப்புச் சீட்டுக் கட்டை எடுத்தாள்.

"நீ மொதல்ல தப்பா வெளாடு," என்றாள். "அப்பறம் சொல்றேன்."